எத்தனை பிடி தவிடு

காளியம்மாவின் வீட்டுக் கூரையில் ஒரு தகர டப்பா எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் தவிடு இருக்கும். எதற்கு என்று வெளியாட்கள் கேட்டால் கோழிக்கு என்பாள். அவளிடம் ஒரு கோழிகூடக் கிடையாது என்பது மூணாம்பாலம் ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தவிடு பிள்ளை வாங்குவதற்கு. ஒரு வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காமல் போனால், அதற்குப் பின் பிறக்கிற பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு நொடி கிடத்தி எடுத்து, காளியம்மாவுக்கு விற்றுவிடுவார்கள். விலை, போன பிள்ளை ஒன்றுக்கு ஒரு பிடி தவிடு. இரண்டு போயிருந்தால் இரண்டு பிடி, மூன்று போயிருந்தால் மூன்று. பிறகு பெற்றவளே அதை வளர்க்க வாங்கிப் போவதுபோல வாங்கிக்கொண்டு போவாள். குப்பன், பிச்சை, தவிட்டம்மா என்று யாரும் ஆசைப்படாத பெயராக ஒன்றைச் சூட்டுவார்கள். ஆண் பிள்ளையானாலும் மூக்கைக் குத்தி ஒரு கம்பியை மாட்டுவார்கள். தேடி வருகிற எமன், இது குப்பையில் கிடந்த பிள்ளை, நமக்கு வேண்டாம் என்று திரும்பிப் போக வேண்டும்.

ஊரில் உள்ள வழக்கம்தான். கப்பலேறும்போது சட்டிபானையோடு அதுவும் ஏறி வந்துவிட்டது. ஆனால் விற்பதற்குக் காளியம்மாவையே தேடி வந்ததற்குத் தோட்டத்தில் தனிக் காரணம் உண்டு. அவளுக்குப் பிறந்தது நான்கு, நான்கும் தங்கவில்லை. காய்ச்சலில் புருஷனும் போனான். வழித்துத் துடைத்துவிட்டுப் போன வீட்டுக்கு எமன் மறுபடி எதற்கு வரப்போகிறான்? அவள் வாங்கிய பிள்ளை பத்திரம் என்று எல்லாரும் நம்பினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலையும் அவளுக்கே கிடைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. பிள்ளைக் கொட்டகையில் தூளிகளை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த காளியம்மாவிடம் நல்லம்மாள் வந்து நின்றாள். எட்டு மாதம். ஒரு கையில் பால்வாளி, மறு கை வயிற்றின் மேல்.

"அக்கா, தவிடு இருக்கா?"

"இருக்கு. இப்பவே எதுக்கு? இன்னும் ஒரு மாசம் கெடக்கே."

"ரெண்டு பிடி தனியா எடுத்து வெச்சிரு. எனக்கு மனசே சரியில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஈப்போவுலேர்ந்து ஒரு அம்மா வந்து கிராணி வூட்டுல தங்கியிருக்காங்களாம். பெரட்டுல வெச்சுப் புள்ளக் கணக்குக் கேக்கப் போறாங்களாம். என்னன்னு சொல்றது?"

"இல்லன்னு சொல்லு."

"அதுவும் பாவமில்லையா அக்கா? பொறந்ததுங்கதானே ரெண்டும்?"

"நெறமாசமா நிக்கற. போனதப் பத்திப் பேசுனா வயித்துல இருக்கறது கேட்டுக்கும். அதுவும் பின்னாலயே போயிரும். வாய மூடிக்கிட்டு இல்லன்னு சொல்லிட்டு வா."

நல்லம்மாள் தலையாட்டிவிட்டுப் போனாள். சரியான புத்திதான் சொன்னோம் என்று காளியம்மா நினைத்தாள். அவள் சொன்னதில் பாதி பிள்ளைத்தாய்ச்சிக்காக. மீதிப் பாதி தனக்காக. முதல் நாள் சாயங்காலமே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அப்பாவு கொட்டகைக்கு வந்து, செருப்புக் காலைத் திட்டில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"புள்ளைங்க சாவு அதிகம்னு காகிதம் போச்சுன்னு வையி, தொரை மொதல்ல யாரக் கேப்பாரு? புள்ளைங்கள வெச்சிருக்கறது யாரு? நீதான். எம் புஸ்தகத்துல நாலு சாவுதான் இருக்கு. நாலோட நிக்கட்டும்."

கிராணி சொன்ன நாலு வேறு, காளியம்மாவின் நாலு வேறு. பத்து வருஷத்தில் அந்தத் தோட்டத்திலேயே நாலு பிள்ளைகள்தான் செத்தன என்று அந்தப் புத்தகம் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, கிராணி ஒரு தோட்டத்துப் பூசணிக்காயையே ஒரு தட்டில் மறைத்திருந்தார்.

ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களம் கொட்டகைக்கு எதிரிலேயே. அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் காளியம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். ஈப்போ அம்மாள் சின்ன வயசுக்காரி. பெயர் மங்களம், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். வெள்ளைக்கார டாக்டர் துரைசானி ஒருத்தி ஈப்போவில் நடத்தும் விசாரணைக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதுகிறாளாம். அச்சடித்த காகிதக் கட்டு ஒன்று மடியில் இருந்தது. பக்கத்திலேயே, கையை மார்பில் கட்டிக்கொண்டு, கங்காணி சின்னையா நின்றார்.

ஒருத்தி அவருக்குப் பயந்து பொய் சொல்வதற்கு இதைவிட நல்ல இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. இதைக்கூட யோசிக்காமல் எப்படித்தான் படித்தார்களோ.

"உங்களுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை? இறந்தவை எத்தனை?" மங்களம் காகிதத்தில் உள்ளபடியே கேட்டாள்.

இருக்கிற பிள்ளையை எண்ணிச் சொன்னால் கண்படும். போன பிள்ளையை வாயால் சொன்னால் அது திரும்பி வந்து மற்றதையும் கூப்பிடும். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் கேட்டால் எவள் வாயைத் திறப்பாள்? அதிலும் கங்காணி முந்தின நாள் பெரட்டிலேயே சொல்லிவைத்திருந்தார்: "தோட்டத்துப் பேரு கெட்டுச்சுன்னா புது ஆளு வராது. ஆளு வரலன்னா தொரை என்னய நிறுத்துவாரு. என்னய நிறுத்துனா என் ஆளுங்க நீங்க அம்புட்டுப் பேரும் ரோட்டுலதான். சுசா, கஷ்டம் நமக்குத்தான்லா, அவங்களுக்கு இல்ல."

அறுபது வீடு. புத்தகத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட நாலைத் தவிர, இல்லை, இல்லை, இல்லை. நல்லம்மாளும் தரையைப் பார்த்தபடி இல்லை என்றாள். மங்களத்தின் பென்சில் சைபர் சைபராகப் போட்டுக்கொண்டே போனது. கடைசியில் அவள் கூட்டிப் பார்த்தபோது, கிராணியின் புத்தகத்தில் இருந்த அதே நாலுதான் வந்தது. கிராணி அவளுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

பெண்கள் பால்வெட்டப் போனதும் மங்களம் காப்பியைத் தொடாமல் எழுந்து நேராகக் கொட்டகைக்கு வந்தாள். கிராணியும் பின்னாலேயே வந்து, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மங்களம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாள். பத்தொன்பது பிள்ளைகள். சில தூளியில், சில தரையில். பின்னால் சதுப்பு, அதிலிருந்து கொசு எழும்பிக்கொண்டே இருந்தது. லயத்து வீடுகளின் கழிவெல்லாம் கலந்து வரும் ஓடை கொட்டகையை ஒட்டித்தான் போனது. காளியம்மா ஓடையில் மொண்டு வந்த தண்ணீரை ஆறின கஞ்சியில் ஊற்றிக் கரைத்து, ஒவ்வொரு வாயாகப் புகட்டினாள். ஆறு மாதப் பிள்ளைக்கும் அதுதான். தாய்மார்கள் மார்பு கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்க, மத்தியானம்வரை பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணீர்தான் பால்.

"இந்தத் தண்ணிய காச்சுவீங்களாக்கா?"

"வெறகு நாளைக்கி ஒரு கட்டுத்தான் குடுக்கறாங்க. கஞ்சி காச்சவே சரியாப் போயிருது."

மங்களம் அதை எழுதினாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு தூளியை ஆட்டுகிற சாக்கில் காளியம்மாவின் அருகே வந்தாள். காகிதத் தமிழ் போய், ஈப்போத் தமிழ் வந்தது.

"அக்கா, நான் யார் மேலயும் குத்தம் கண்டுபிடிக்க வரல. சுங்காய் பக்கம் ஒரு தோட்டம் இருக்கு. அங்கயும் நம்ம ஆளுங்கதான், இதே பால்மரந்தான், இதே காச்சல்தான். ஆனா அங்க புள்ளைங்க பொழைக்குது. ஏன் பொழைக்குதுன்னு பாத்தோம். அங்க கெணறு இருக்கு. பெத்தவ ஒரு மாசம் வீட்டுல இருக்கலாம், பாதிச் சம்பளம் உண்டு. கொட்டகை மேட்டுல இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

காளியம்மாவின் கை கஞ்சிச் சட்டியிலேயே நின்றுவிட்டது.

"கெணறா?"

"ஆமா. அதையெல்லாம் மத்த தோட்டங்களும் செய்யணும்னா கணக்கு வேணும். அறுபது வீட்டுல பத்து வருசத்துல முப்பதுக்கு மேல போயிருந்தா, துரைசானியோட கமிட்டி நேருல வரும். வந்தா துரை தட்ட முடியாது. முப்பதுக்குக் கீழன்னா காகிதத்தக் கட்டி வெச்சிருவாங்க. இங்க நாலுன்னு சொல்றாங்க. பதினோரு தோட்டம் பாத்துட்டேன், இந்த ஓடையப் பாத்துட்டு நாலுன்னா என்னால நம்ப முடியல. ரெண்டு மணிக்கு செமோர் போற லோரியில நான் கெளம்பணும்."

காளியம்மா அந்த ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம், எத்தனை சட்டி, எத்தனை வாய். எமன் சதுப்பிலிருந்தோ சுடுகாட்டிலிருந்தோ வருகிறான் என்று அவள் நினைத்திருக்க, அவன் அவள் கை அகப்பையிலேயே வந்துபோயிருக்கிறான். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. வாசலில் கிராணி உட்கார்ந்திருந்தார். அழ முடியவில்லை.

சொல்லலாம். சொன்னால் கிராணி சொன்னபடி பழி அவள் தலையில்தான் விழும். பழி விழட்டும் என்று துணிந்தாலும், செத்துப்போனதை வாயால் எப்படிச் சொல்வது? பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகள். இவள் சொல்லி, நாளைக்கு அந்த வீட்டில் ஒரு தும்மல் வந்தாலும் அவள் வாய்தான் காரணம் என்பார்கள். வாயில் வந்ததை எச்சிலோடு விழுங்கினாள்.

அப்போதுதான் மங்களம் அதைக் கேட்டாள். கால்மாட்டில் தவழ்ந்து வந்து அவள் புடவையைப் பிடித்த பயலின் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சும்மா பேச்சுவாக்கில் கேட்டதுதான்.

"இது பையன்தானேக்கா? எதுக்கு மூக்குல கம்பி?"

காளியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பட்டணத்தில் வளர்ந்தவள். நிஜமாகவே தெரியவில்லை.

"இவன் பேரு குப்பன்," என்றாள் மெதுவாக. "நான் வாங்குன புள்ள."

"வாங்குனதா?"

"தவிட்டுக்கு வாங்குனது. எமன் வந்து வந்து போற வூட்டுல, அடுத்தது பொறந்தா எங்கிட்ட வித்துருவாங்க. பேரு இப்படி வெச்சு, மூக்கக் குத்தி விட்டுருவாங்க." ஒரு கணம் நிறுத்தினாள். "எமன் எத்தன தடவ வந்தானோ, அத்தன பிடி தவிடு. இவனுக்கு ரெண்டு பிடி."

மங்களத்தின் பென்சில் அப்படியே நின்றது. அவள் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். தூளிகளிலும் தரையிலும் சின்னச் சின்ன மூக்குகளில் பித்தளைக் கம்பிகள். காலையிலிருந்து கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன.

அவள் குரல் மாறவில்லை, கெட்டிக்காரி. ஒரு புதுக் காகிதத்தை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டாள். "சரிக்கா. எல்லாப் பிள்ளைங்க பேரையும் சொல்லுங்க. பேரும் தவிடும்."

கிராணி நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன எழுதறீங்க?"

"பிள்ளைங்க பேரு எழுதறேன் சார். துரைசானி கேப்பாங்க."

பேர்தானே என்று கிராணி மறுபடி சாய்ந்துகொண்டார். பட்டணத்துப் படிப்பு அவருக்கும் இருந்தது, அதனால் லயத்துச் சங்கதி அவருக்கும் தெரியாது.

காளியம்மா தொடங்கினாள். "இது ராஜு. தலைச்சன். தவிடு இல்ல. இது மூக்காயி, மூணு பிடி. இது தவிட்டம்மா, ரெண்டு பிடி. அந்தத் தூளியில இருக்கறது மாரியம்மா, தவிடு இல்ல. இது பிச்சை. இவனுக்கு நாலு பிடி."

"நாலா?"

"நாலு."

செத்தது, போனது என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து விழவில்லை. பெயரும் தவிடும்தான். ஆனாலும் ஒவ்வொரு பிடியைச் சொல்லும்போதும் அவளுக்கு முகங்கள் வந்தன. காய்ச்சலில் வெந்த முகம். வயிறு போய்த் துவண்ட முகம். தன் மடியில் கிடந்தவை எல்லாம். வெளியில் பால் நிறுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாவது பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கங்காணி சின்னையா.

அவர் கிராணி அல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். தவிடு என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதும். காகிதத்தைப் பார்த்தார், காளியம்மாவைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"என்ன நடக்குது இங்க?"

காளியம்மா சொல்வதை நிறுத்தினாள். மங்களம் நிமிரவில்லை; விரல்கள் மட்டும் பென்சிலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பேரு எழுதறாங்க கங்காணி," என்றார் கிராணி. "ஏதோ தவிட்டுக் கதை. ஏன், உமக்கு எதாச்சும் புரியுதா?"

சின்னையா வாயைத் திறந்தார், மூடினார். நிறுத்து என்று சொல்லலாம். சொன்னால், ஏன் என்று கிராணி கேட்பார். தவிடு என்றால் என்ன என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். அவர் கொட்டகைக்குள் வந்து காளியம்மாவின் எதிரில் நின்றார். கையில் பிரம்பு இருந்தது.

"சொல்லு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நிறுத்திட்டியே. மிச்சத்தயும் சொல்லிரு, பாப்போம்."

அது மிரட்டல்தான். இன்னும் மூன்று பிள்ளைகள் பாக்கி. இரண்டைச் சொன்னாள். கடைசிப் பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாலு வயசு, மற்றவர்களைவிடச் சற்றே கொழுத்த பிள்ளை. மூக்கில் இருந்தது பித்தளை இல்லை, தங்கம்.

"இவன்?" என்று கேட்டாள் மங்களம்.

பிள்ளை, கங்காணியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓடி வந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

"பிச்சைமுத்து," என்றாள் காளியம்மா. அவரைப் பார்க்கத் தைரியம் வராமல், பிரம்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கங்காணியாரு மகன். ரெண்டு பிடி."

பென்சில் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு கங்காணியின் குரல் கேட்டது. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"மூணு."

காளியம்மா நிமிர்ந்தாள்.

"மூணுன்னு போடுங்கம்மா. அன்னிக்கி இவகிட்ட ரெண்டு பிடிதான் வாங்குனேன். மூணு வாங்கியிருக்கணும்." அவர் பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டார். "பேரு வெக்கறதுக்குள்ள ஒண்ணு... அப்பத்தான் எனக்குக் கங்காணி வேல குடுத்தாங்க. ராசியில்லாத வூடுன்னு ஆளுங்க பேசிருவாங்கன்னு ஒருத்தருக்கும் சொல்லல. நாந்தான் கொண்டுபோயி மரத்தடியில வெச்சுட்டு வந்தேன். தெனமும் அந்த மர நெரையத் தாண்டித்தான் போறேன்."

இத்தனை வருஷம் பெரட்டில் ஊரை அதட்டிய மனுஷன், குழியை மனசிலேயே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். காளியம்மாவுக்கு அவர் மேல் இருந்த பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கிராணி எழுந்துவிட்டார். கங்காணியின் முகத்தைப் பார்த்தபிறகு அவருக்குமா புரியாது? "என்னய்யா பேசற? என்ன மூணு? எந்த மரத்தடி?" பாய்ந்து வந்து காகிதத்தின் மேல் கையை வைத்தார். "இது தோட்டத்துக் கணக்கு இல்ல. இத எடுத்துட்டுப் போக முடியாது."

"கைய எடுங்க கிராணியாரே," என்றார் சின்னையா, அமைதியாக. பிரம்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கிராணி கையை எடுத்தார்.

மங்களம் கூட்டினாள். உதடு அசைந்தது. ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அவள் முகம் வாடுவதைப் பார்த்தே காளியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இருபத்தாறுக்கா. புஸ்தகத்துல இருக்கற நாலும் இதுக்குள்ளதான்."

வெளியில் லோரிக்காரன் ஆரன் அடித்தான். ரப்பர் ஏற்றியாகிவிட்டது. பால்வாளிகளோடு வந்த பெண்கள் கொட்டகை வேலியோரம் கூடி நின்றார்கள். எதுவோ நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கங்காணியே தன் கணக்கைச் சொன்னதைக் கேட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பயந்த காலம் போய்விட்டது. எமனுக்குப் பயப்படுகிற காலம் போகவில்லை.

இருபத்தாறு எப்படி வரும்? காளியம்மா மனசுக்குள் ஒரு தடவை லயத்தைச் சுற்றி வந்தாள். ஒன்றாம் வீடு, இரண்டாம் வீடு... பிறகு நின்றாள். தவிடு கணக்கில் பிழைத்த பிள்ளை உள்ள வீடுதானே வரும்? பிழைக்க ஒன்றும் மிஞ்சாத வீட்டில் குப்பன் ஏது, பிச்சை ஏது? யாருடைய மூக்கைப் பார்த்து எண்ணுவது?

அவள் வீடு அப்படித்தான். இத்தனை பிள்ளைகளை வாங்கியவள் பேரில் ஒரு பிடிகூட அந்தக் காகிதத்தில் இல்லை.

"அம்மா," என்றாள். "என் வூடு விட்டுப்போச்சு."

மங்களம் பென்சிலை எடுத்தாள்.

"எனக்கு நாலு. தவிட்டுல சொல்ல முடியாது, வாயாலதான் சொல்லணும். மூத்தவ பூங்காவனம். ஒம்பது மாசம் இருந்தா. ரெண்டாவது வேலாயுதம். மூணாவதுக்குப் பேரு வெக்கல." காளியம்மா தலைமுந்தானையை இழுத்து வாயில் ஒரு கணம் வைத்துக்கொண்டாள். அடுத்ததை அவள் இந்தத் தோட்டத்தில் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்த ஒருத்தியும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். "நாலாவது குப்பாயி. குப்பையில போட்டு எடுத்தேன். மூக்குக் குத்துனேன். மூணு பிடி தவிட்டுக்கு வித்தேன். எல்லாம் மொறையாத்தான் செஞ்சேன். இந்த ஓடத் தண்ணியக் குடிச்சிட்டு ஆறு நாளு வயிறு போயி, என் மடியிலயே போயிட்டா. தவிடு நிறுத்தலம்மா. தவிடு நிறுத்தாது."

வேலியோரத்தில் ஒரு வாளி கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

"நாளைக்கி நீ புல்லு வெட்டப் போ," என்றார் கிராணி. "இந்தக் கொட்டகையில உனக்கு வேல இல்ல."

"போறேன் சாமி," என்றாள் காளியம்மா. "மொதல்ல இவங்க எழுதி முடிக்கட்டும்."

மங்களம் எழுதினாள். கூட்டினாள். ஆரன் மறுபடி அலறியது.

"முப்பது," என்றாள். "சரியா முப்பது. முப்பதுக்கு மேலன்னுதான் காகிதத்துல இருக்கு." பென்சிலைப் பிடித்த கை மடியில் விழுந்தது. ஒன்று கூட்டிப் போட்டால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு அவளுக்கும் வந்திருக்க வேண்டும்; காகிதத்தையே வெறித்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள். "நானா ஒண்ணு எழுத முடியாதுக்கா. ஒரு பொய் இருந்தாலும் மொத்தத்தையும் பொய்யின்னுருவாங்க."

காளியம்மா வேலிப் பக்கம் பார்த்தாள். நல்லம்மாள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, வேர்வை கழுத்தில் ஓடியது. காளியம்மாவுக்குக் காலையில் தான் சொன்ன புத்தி நினைவுக்கு வந்து நெஞ்சைக் குத்தியது. வேண்டாம் என்று சொல்லவும் நா எழவில்லை, வா என்று கூப்பிடவும் நா எழவில்லை. இவள் வயிற்றை வைத்துக் கிணறு கேட்க நமக்கு என்ன உரிமை என்று தோன்றியது. கையை மட்டும் நீட்டினாள். நல்லம்மாள் அதைப் பிடிக்காமல் நேராக மங்களத்தின் எதிரில் போய் நின்றாள்.

"அம்மா, காலையில என் வூட்டுக்கு என்ன எழுதுனீங்க?"

மங்களம் காகிதக் கட்டைப் புரட்டினாள். "சைபர்."

"அத அடிச்சிருங்க."

"நல்லம்மா, நெனச்சுத்தான் பேசறியா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

நல்லம்மாள் திரும்பவில்லை. "தவிடு நிக்காதுன்னு அக்காவே சொல்லிருச்சு. பின்ன எத நம்பிப் பெத்துக்கறது? கெணத்தயாவது நம்பறேன்." மூச்சு வாங்கியது. "ரெண்டு. ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு. பேரும் சொல்றேன். எழுதுங்க."

லோரிக்காரன் விடாமல் ஆரன் அடித்தான். கங்காணி சின்னையா வாசலுக்குப் போய், நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நல்லம்மாள் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாத இரண்டு பெயர்களையும் சொன்னாள். உள்ளே இருப்பதும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.